காத்து இழுத்த இன்ஜின்: கடலூர் உப்புக்காற்றில் ஒரு பழைய பெட்ரோல் கார்

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், மேனுவல் கியர். வீடு மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகத்தான் தினப்படி ஓட்டம். பெட்ரோல் போடுவது எல்லை தாண்டித்தான். கடலூர்க்காரர்களுக்கு அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பல வருஷம் ஓட்டியதில் மைலேஜ், பிக்கப் இரண்டிலும் குறை சொல்ல ஏதுமில்லை. சொல்ல வேண்டியது அந்த 'உஸ்ஸ்' சத்தத்தைப் பற்றித்தான்.

முருங்கப்பாக்கம் நெரிசலில் கண்ணாடியை இறக்கி நின்றால் பானட்டுக்குள்ளிருந்து சன்னமாகக் கேட்கும், சைக்கிள் டியூப் வால்வைத் தளர்த்தினாற்போல. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் காணாமல் போய்விடும். 750-ஐ ஒட்டி நிற்க வேண்டிய ஐடில் ஆர்.பி.எம். (மிதிக்காமல் நிற்கும்போது இன்ஜின் சுழலும் வேகம்) ஆயிரத்தைத் தாண்டி நின்றது. செக் இன்ஜின் லைட் எரியவே இல்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன், எப்போது வருகிறது என்று பார்ப்பதுதான் பாதி வேலை. பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எங்காவது ஓட்டை இருந்தால் காற்றைச் சத்தமாக இழுக்கும். மிதித்தால் த்ராட்டில் திறந்து அந்த இழுவை குறையும், சத்தமும் அடங்கும். டர்போ டீசலில் இது தலைகீழ். நெய்வேலியில் மச்சான் வண்டியில் மிதிக்க மிதிக்கத்தான் சீறியது, பிக்கப்பும் செத்துப்போனது. அது, டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் விரிசல். பிரேக் மிதிக்கும்போது மட்டும் காலடியில் சத்தம் வந்து பெடலும் கல் மாதிரி இருந்தால், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரைச் சந்தேகப்படணும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜினை அணைத்த பிறகும் சீறினால் கூலன்ட் கசிகிறதா என்று பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டாம். ஏ.சி. அணைத்ததும் டேஷ்போர்டுக்குள் கொஞ்ச நேரம் கேட்பது கேஸ் அழுத்தம் சமமாகிற சத்தம். அதற்குச் செலவு செய்யச் சொன்னால் வேறு பட்டறை பார்க்கலாம்.

முதலில் போன சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினார்கள். கோளாறைச் சொல்லும் கோடு (code) எதுவும் இல்லை என்றதும் த்ராட்டில் பாடி க்ளீனிங், இன்ஜெக்டர் க்ளீனிங் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். க்ளீனிங் முடிந்தும் சத்தம் அப்படியே. கோடு வராததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வண்டியில் இருப்பது மேப் சென்சார். மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்துதான் பெட்ரோல் கொடுக்கும் என்பதால், திருட்டுத்தனமாக நுழையும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஐடில் மட்டும் ஏறுகிறது. உள்ளே போகும் காற்றையே அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் வண்டிகளில்தான் இதே ஓட்டை பி0171 என்ற கோடோடு (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம்) லைட்டைப் போடவைக்கும்.

கடைசியில் கண்டுபிடித்தது திருப்பாப்புலியூரில் ஒரு சின்னப் பட்டறைப் பையன். "காத்து இழுக்குதுண்ணே, காதுலயே தெரியுது" என்றான். ஒரு முழ ரப்பர் டியூப்பின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு ஜாயின்ட்டாக நகர்த்தினான், ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல். இன்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவியைத் திரும்ப உள்ளிழுக்க விடும் பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ் அருகே வந்ததும் நிறுத்தினான். பிளையரால் லேசாக அழுத்திப் பிடித்ததும் சத்தம் நின்றது, ஐடிலும் இறங்கியது. வளைவின் அடிப்பக்கத்தில் விரிசல்; மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கார்ப் க்ளீனர் அடித்துக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும் சமாச்சாரம் அது, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆயில் ஆவியும் சூடும் சேர்ந்து ரப்பரைக் கெட்டியாக்கி வெடிக்க வைத்திருக்கிறது. கிளாம்ப் உப்புக்காற்றில் துருப்பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. சில்வர் பீச் காற்று வீட்டு ஜன்னல் கம்பியையே விட்டுவைப்பதில்லை, கிளாம்ப் எம்மாத்திரம்.

ஸ்பேர்ஸ் கடையில் நீல நிற சிலிக்கான் ஹோஸைக் காட்டி, இதுதான் ரொம்ப நாள் வரும் என்றார்கள். வேண்டாம் என்றேன். சாதா சிலிக்கானுக்கு ஆயில் ஆவி ஒத்துக்கொள்ளாது. மெல்லிசாக இருந்தால் உள்ளிழுவையில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். நேர் ஹோஸை வெட்டி வளைத்துப் போட்டாலும் மடிந்து அடைக்கும். அச்சில் வளைவாகவே வார்த்த ஒரிஜினல் ஹோஸ் சில நூறு ரூபாய்தான். கிளாம்ப்பை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றச் சொன்னேன்.

மாற்றிய பிறகு இரண்டு மழைக்காலம் கடந்தாயிற்று. ஐடில் நகரவில்லை, சத்தமும் திரும்பவில்லை. ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த வளைவின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவே பராமரிப்பு.

உங்கள் வண்டியில் டியூப் வைத்துக் கேட்டும் இடம் பிடிபடாவிட்டால், மேனிஃபோல்டு கேஸ்கெட்டாக இருக்கலாம். அதைக் கழற்றச் சம்மதிக்கும் முன், உள்ளே புகையை ஏற்றிப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் மெஷின் உள்ள பட்டறையா என்று கேளுங்கள். புகை வெளியேறும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம்.