கடுங்குளிரில் யமஹா பிளாஸ்டர் 200: ஒரு மதிப்பீடு

யமஹா நிறுவனம் 1988 முதல் 2006 வரை விற்ற பிளாஸ்டர் 200 என்னும் நான்கு சக்கரக் கரடுமுரடுப் பாதை வண்டி (ஏடிவி) இன்று பழைய வண்டியாக மட்டுமே கிடைக்கிறது. காற்றால் குளிரும் 195 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஒற்றை சிலிண்டர், ஆறு கியர், பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும் செயின், உதைத்துக் கிளப்பும் கிக்கர் என்று அதன் அமைப்பு மிக எளிமையானது. வெப்பநிலை மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும் பனிக்காலத்தில் இதை ஓட்டியும் பராமரித்தும் பெற்ற அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது குளிருக்கு அஞ்சும் வண்டி அன்று, ஆனால் குளிரில் வழக்கத்தைவிட வலுவாக இழுப்பதாகத் தோன்றும் பொழுதுதான் அதன் பிஸ்டன் பெரும் ஆபத்தில் இருக்கிறது என்பதை அறியாதவர் இதை வாங்காதிருப்பதே நல்லது.

காரணம் காற்றின் அடர்த்தி. 20 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றைவிட மைனஸ் 30 டிகிரியில் உள்ள காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் அடர்த்தி கொண்டது. எஞ்சினுக்குள் அந்த அளவுக்குக் கூடுதலாகக் காற்று புகும்பொழுது, கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை) வழியே வரும் பெட்ரோல் அதே விகிதத்தில் கூடுவதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உயர்கிறது. ஆகவே கலவை மெலிந்துவிடுகிறது. மெலிந்த கலவை தொடக்கத்தில் சுறுசுறுப்பாக இழுக்கும், சத்தமும் கூர்மையாக இருக்கும், ஓட்டுபவருக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆனால் எரிப்பின் வெப்பம் ஏறிக்கொண்டே போய், முழு ஆக்சிலேட்டரில் நீண்ட தூரம் ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும் (சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும்), அல்லது அதன் தலையில் ஓட்டை விழும். வெளியே உறைபனி இருக்க, உள்ளே எஞ்சின் சூட்டால் கெடும் என்பதை நம்ப மறுப்பவர்கள் பலர். பனிக்காலத் தொடக்கத்தில் மெயின் ஜெட்டின் அளவைக் குறிக்கும் எண்ணைப் பத்து விழுக்காடு அளவுக்கு உயர்த்தி, பின்னர் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்வது நல்ல தொடக்கம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பழுப்பேறாமல் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால், அந்த ஜெட்டுடன் மேற்கொண்டு ஓட்டக்கூடாது. பனிக்காலம் முடிந்ததும் பழைய ஜெட்டை மீண்டும் போட்டுவிட வேண்டும், இல்லையேல் பிளக் கரி பிடிக்கும்.

கிளப்பும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த வண்டியின் மிக்குனி கார்புரேட்டரில் சோக் என்று நாம் சொல்வது காற்றை அடைக்கும் தகடு அன்று. அது தனியாகப் பெட்ரோலை உறிஞ்சும் ஒரு வழி. ஆக்சிலேட்டர் முழுவதும் மூடியிருந்தால்தான் அங்கே போதிய உறிஞ்சுவிசை கிடைக்கும். சோக்கை இழுத்துவிட்டு, கட்டைவிரலால் ஆக்சிலேட்டரையும் அழுத்திக்கொண்டு மூச்சுவாங்க உதைப்பவர், தாம் இழுத்த சோக்கைத் தாமே பயனற்றதாக்குகிறார். இக்னிஷனை அணைத்து வைத்துச் சில முறை மெதுவாகக் கிக்கரை அழுத்தி, பிறகு இக்னிஷனைப் போட்டு உறுதியாக உதைத்தால், கலவை சரியாக உள்ள வண்டி கிளம்பிவிடும். பேட்டரியே இல்லாத வண்டி என்பது இங்கே பெரிய அனுகூலம்; பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டிகளின் பேட்டரி, கடுங்குளிரில் தன் வலுவின் பெரும்பகுதியை இழந்துவிடும்.

கிளம்பியவுடன் புறப்படுவது தவறு. பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது, சிலிண்டரின் உட்குழல் வார்ப்பிரும்பால் ஆனது. அதே வெப்பத்தில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பிஸ்டன் விரிந்தும் சிலிண்டர் இன்னும் குளிர்ந்தும் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எஞ்சினை முறுக்கினால் பிஸ்டனின் பக்கங்கள் உராய்ந்து பிடித்துக்கொள்ளும். சிலிண்டரின் மேற்புறம் மட்டுமல்லாமல் அடிப்பகுதியும் சூடேறியதைக் கையால் உணர்ந்த பின்னரே புறப்பட வேண்டும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியபடி இறங்கும்பொழுதும் இதே ஆபத்து திரும்பி வருகிறது: எண்ணெயும் பெட்ரோலும் குறைவாகவே சென்று, பனிக்காற்றில் சிலிண்டர் சுருங்கியிருக்கும் நிலையில், அடிவாரத்தில் முழுவதுமாகத் திறந்தால் சீஸ் ஆக வாய்ப்பு மிக அதிகம். இடையிடையே கிளட்சைப் பிடித்துச் சிறிது ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே இறங்குவது நல்லது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயிலைப் பொறுத்தவரை, அதைத் தானாகவே எஞ்சினுக்குள் செலுத்தும், வண்டியோடு வரும் ஆட்டோலூப் பம்பு நல்ல ஏற்பாடுதான் என்றாலும், கடுங்குளிரில் கெட்டியாகும் சாதாரண ஆயில் அந்த மெல்லிய குழாயில் தயங்கித் தயங்கித்தான் நகரும். பனிவண்டிகளுக்கென்று விற்கப்படும், மிகக் குறைந்த வெப்பநிலையிலும் ஓடக்கூடிய ஆயிலை ஊற்றினால் இந்தக் கவலை தீரும். பம்பைக் கழற்றிவிட்டு 32:1 விகிதத்தில் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுபவர்களும் உண்டு. 5 லிட்டருக்கு ஏறத்தாழ 156 மில்லி என்பது அதன் அளவு. அவர்கள் ஆயிலை மட்டும் வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருந்து, வெளியே பெட்ரோலில் ஊற்றி நன்றாகக் குலுக்க வேண்டும். இரண்டும் உறைகுளிரில் இருந்தால் எளிதில் கலப்பதில்லை. கியர்பாக்ஸ் ஆயில் கெட்டியாகும்பொழுது கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கிளப்புவதற்கு முன் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளி அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

பலர் இந்த வண்டியை வாங்கியதும் முதலில் கழற்றி எறிவது ‘டார்ஸ்’ எனப்படும் பாதுகாப்பு ஏற்பாட்டைத்தான். கட்டைவிரலை எடுத்த பின்னும் கார்புரேட்டரில் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடு கீழே இறங்காவிட்டால், தீப்பொறியைக் கட்டுப்படுத்தி எஞ்சினை ஓடவிடாமல் செய்வது அதன் வேலை. கேபிள் தளர்ந்தால் அது தேவையின்றிக் குறுக்கிட்டு எரிச்சலூட்டும் என்பது உண்மையே. எனினும் கேபிளுக்குள் புகுந்த ஈரம் உறைந்து ஆக்சிலேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்வது பனிக்காலத்தில்தான் நடக்கும் என்பதால், அதைச் சரியாக அளவமைத்து வைத்திருப்பதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து.

டயரின் காற்றை வீட்டுக்குள் அளப்பது வீண் வேலை. 20 டிகிரியில் 4 பிஎஸ்ஐ காட்டும் டயர், மைனஸ் 30 டிகிரியில் 1 பிஎஸ்ஐக்கும் கீழே இறங்கிவிடும். வெளியே சில மணி நேரம் நிறுத்திவைத்து, அங்கேயே அளந்து நிரப்ப வேண்டும். 2003க்கு முந்தைய வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு டிரம் பிரேக் இருப்பதால், உள்ளே புகுந்த நீர் இரவில் உறைந்து ஷூவை டிரம்மோடு பிடித்துக்கொள்ளும். ஹைட்ராலிக் டிஸ்க் வந்த பிந்தைய வண்டிகளில் இத்தொல்லை குறைவு.

கெட்டிப்பட்ட பனியிலும் உறைந்த நிலத்திலும் இதன் இலேசான உடல் மிக இனிமையாக வளைந்து திரும்புகிறது. ஆக்சிலேட்டரைக் கொண்டே பின்பக்கத்தைத் திருப்பலாம். முழங்கால் அளவு பனியில் மட்டும் இதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பின்சக்கரங்கள் குழி தோண்டிக்கொண்டு அமர்ந்துவிடும், ரிவர்ஸ் கியரும் கிடையாது. கட்டைவிரல் ஆக்சிலேட்டருக்குத் தடித்த கையுறை ஒத்துவராது. கைப்பிடிகளை மூடும் உறைகளை மாட்டி, உள்ளே மெல்லிய கையுறை அணிவதே வசதி.

ஓட்டி முடித்த வண்டியைச் சிறிது நேரத்துக்கு மட்டும் சூடான அறைக்குள் கொண்டுவரக்கூடாது. குளிர்ந்த உலோகத்தின் மீது காற்றின் ஈரம் படிந்து, கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பேரிங்குகள் வரை துருப்பிடிக்கும். கூரையுள்ள குளிர்ந்த கொட்டகை அதைவிட மேல்.

பனிக்காலத்துக்கென்று வாங்க நினைப்பவர் பெயின்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன் கிராங்கின் ஆயில் சீல்களைப் பற்றிக் கேட்க வேண்டும். பழைய ரப்பர் குளிரில் விறைத்துக் காற்றைக் கசியவிட்டால், எந்த ஜெட்டைப் போட்டாலும் கலவை மெலிந்தே இருக்கும். உள்வழியையும் புகைவழியையும் அடைத்து, எஞ்சினுக்குள் 6 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி, அது ஆறு நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கலாம். இந்தச் சோதனைக்கு உடன்படாத விற்பனையாளரிடம் விலை பேசத் தேவையில்லை.