சொந்தமாகச் செதுக்கிய கிரீன்லாந்து துடுப்பு: எல்லாம் சரி, முனைதான் உயிரை வாங்குகிறது

"கயாக் படகுக்கு நீங்களே துடுப்பு செதுக்கினீங்களாமே, நானும் செய்து பார்க்கலாமா?" என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். அவர் கேட்ட நேரம் நல்ல நேரம் இல்லை. கராஜில் உட்கார்ந்து துடுப்பின் முனைக்கு மறுபடியும் எப்பாக்ஸி (காய்ந்ததும் ஓடு போல இறுகும் பிசின்) பூசிக்கொண்டிருந்தேன். வசந்தம் வந்தால் எனக்கு இதே வேலைதான். ஆகவே இதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும், கழித்துவிட்டுப் படியுங்கள்.

கிரீன்லாந்து வகையைக் கயாக் ஓட்டுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இரண்டு பக்கமும் நீண்டு ஒடுங்கிய இலை (தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி), இரண்டும் ஒரே தளத்தில். நீளத்துக்கு டேப் கூட வேண்டாம்: இரு கைகளையும் விரித்த நீளம், அதோடு ஒரு முழம். எனக்கு ஏழடி வந்தது. இலையின் அகலம் விரல்களை வளைத்துப் பிடிக்கிற அளவுதான், ஒன்பது சென்டிமீட்டருக்குள். கனடா மரக்கடைகளில் டூ பை ஃபோர் (இரண்டுக்கு நான்கு அங்குலம்) என்று விற்கிற பலகை உண்மையில் 38க்கு 89 மில்லிமீட்டர். மற்ற வேலைகளுக்கு அது ஏமாற்று மாதிரித் தெரியும், துடுப்புக்கு அதுதான் சரியான அளவு.

மரம் வெஸ்டர்ன் ரெட் சீடர். பலகை தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அடுக்கி வைத்த குவியலைக் கலைத்து, ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். முடிச்சு இருக்கக் கூடாது, முறுக்கம் கூடாது, ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பக்கவாட்டில் ஓடிப்போகாமல் நேராக வர வேண்டும். ரேகை பக்கத்தில் வெளியேறுகிற இடத்தில் துடுப்பு ஒருநாள் உடையும், இழைப்புளியும் அங்கேதான் மரத்தைப் பிய்க்கும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

செதுக்குவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நடுக்கோடு, ஓரக்கோடு போட்டு வெட்டிவிட்டால் பிறகு சின்ன இழைப்புளியும் ஸ்போக்ஷேவும் (இரு பக்கமும் கைப்பிடி உள்ள சீவுளி) போதும். உப்புத்தாள் போட்ட பிறகு தண்ணீர் தெளித்து, நார் எழும்பியதும் மறுபடி தேய்த்தால் ஆற்றில் இறக்கும்போது மேற்பரப்பு சொரசொரக்காது. இரண்டு எச்சரிக்கை மட்டும். இந்த சீடர் தூளில் இருக்கும் பிளிக்காடிக் அமிலம் ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது, மரத்தொழிலாளர்களிடம் நன்கு அறியப்பட்ட நோய் அது. முகமூடி இல்லாமல் தொடவே வேண்டாம். அடுத்து, ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், வெளியில்.

சரி, தண்ணீரில் எப்படி? இங்கே கோபம் தணிந்துவிடுகிறது. முதலில் இலை தண்ணீருக்குள் இடமும் வலமும் படபடவென்று ஆடும், பலர் அத்தோடு விட்டுவிடுவார்கள். மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பிடித்தால் அந்த ஆட்டம் நின்றுபோகும். அப்புறம் சத்தமே இல்லாமல் இறங்கி, சத்தமே இல்லாமல் வெளியே வரும். எதிர்க்காற்றில் அகல இலைத் துடுப்பு கையைப் பிடித்துத் திருப்பப் பார்க்கும், இது அப்படிச் செய்வதில்லை. ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. நாள் முழுக்க வலித்தாலும் மறுநாள் தோள் கேள்வி கேட்பதில்லை. நான் எதிர்பார்க்காத சுகம் ஒன்று உண்டு. நான் ஓட்டுகிற இடம் ஜார்ஜியன் பே, கனடாவில் ஹூரான் ஏரியின் பெரிய விரிகுடா. மே மாதத்து அந்தத் தண்ணீரில் அலுமினியத் தண்டைப் பிடித்திருந்தால் விரல் விறைத்துவிடும். சீடர் அந்தக் குளிரைக் கைக்குக் கடத்துவதே இல்லை. பிடியில் வார்னிஷ் பூசவில்லை, எண்ணெய்தான். வருடம் போகப் போக அந்த இடம் கருத்து வழவழத்து, என் கைக்கென்றே ஆகிவிட்டது.

ஆனால் முனை. ஜார்ஜியன் பேயின் கிழக்குக் கரையெல்லாம் கடினமான பாறை. கரை விட்டுக் கிளம்பும்போதும் சேரும்போதும் துடுப்பை ஊன்றாமல் இருக்க முடியாது. சீடரோ நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுகிற மரம், எடை குறைவாக இருப்பதற்குக் கொடுக்கிற விலை அது. ஒரு கோடை முடிவதற்குள் முனை பல் தேய்க்கும் வேப்பங்குச்சி மாதிரி நார் நாராகப் பிரிந்துவிடும். எப்பாக்ஸி பூசினால் தாங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தாங்கும், முதல் அடி வரைக்கும். அந்தப் பூச்சு விரிசல் விட்டதும் அதன் வழியே தண்ணீர் உள்ளே போய், மரம் அடியில் கறுத்துப்போகிறது. எண்ணெய் போட்ட மரமாவது காயும். மூடி வைத்த மரம் அதுவும் செய்வதில்லை.

இதற்கு விடை பழையது. கிரீன்லாந்தில் துடுப்புக்கு ஆகிற மரம் அநேகமாக வளராது. சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளிவிட்ட கட்டைகள் பனியோடும் நீரோட்டத்தோடும் மிதந்து கரை ஒதுங்கினால்தான் உண்டு. அப்படிக் கிடைத்த மரத்தில் துடுப்பு செய்த வேட்டைக்காரர்கள் முனையிலும் விளிம்பிலும் எலும்புத் துண்டு பதித்தார்கள். பனிக்கட்டியைத் தள்ளித் தள்ளிப் போகிறவர்களுக்கு முனையின் அருமை தெரியாதா என்ன. இன்று சந்தோஷமாக வழிமுறை எழுதுகிறவர்கள் பலர் இதை "விருப்பமிருந்தால்" என்று கடைசி வரியில் தள்ளிவிடுகிறார்கள். விருப்பமா? அதுதான் துடுப்பே!

போன வருடம் ஒரு பக்க முனையை V வடிவில் வெட்டி, ஆஷ் என்ற கடினமான மரத்தின் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டினேன். நேராக அறுத்து ஒட்டினால் ரேகையின் வெட்டுமுகத்தில் பசை நிற்காது. அந்த முனை இன்றுவரை அசையவில்லை. உடனே பாறை அதற்குப் பக்கத்திலிருக்கும் சீடர் விளிம்பைத் தின்ன ஆரம்பித்தது. விளிம்புக்கும் ஆஷ் பட்டை ஒட்டலாம்தான். ஒட்டினால் எடை கூடும், அதுவும் முனையில் கூடுகிற எடை, ஒவ்வொரு வலிப்பிலும் தோளுக்குத் தெரியும். மறுமுனை இன்னும் எப்பாக்ஸியில்தான் இருக்கிறது.

நண்பருக்கு என் பதில்: செய்யாதீர்கள். சில நூறு டாலர் போட்டுக் கார்பன் துடுப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஓட்டியதிலேயே நல்ல துடுப்பு இதுதான், இருந்தாலும் செய்யாதீர்கள். மரத்தூளில் இருமி, ரேகை பார்த்துப் பலகை பொறுக்கி, வருடா வருடம் முனைக்கு வைத்தியம் பார்க்கிற பொறுமை உங்களுக்குக் கிடையாது, எனக்கே இன்றைக்கு இல்லை. வேண்டுமானால் ஜூலையில் என்னுடையதை இரவல் தருகிறேன். எப்பாக்ஸி முனையை மட்டும் பாறையில் ஊன்றக் கூடாது, ஆஷ் முனையில் தள்ளிக்கொள்ளுங்கள்.