கிளவுடில் இடம் தீர்ந்தால் எந்த வழி தேறும்?

கிளவுடில், அதாவது இணையத்தில் நம் ஃபைல்களை வைக்கும் இடத்தில், ஸ்டோரேஜ் நிரம்பப் போகிறது என்று சிவப்புக் கோடு வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். கேலரியைத் திறந்து, மங்கலாக விழுந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பார்கள். விரல் வலிக்க அழித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் கோடு அசைந்திருக்காது. சின்னக் கணக்கு போட்டால் காரணம் தெரிந்துவிடும். போன் போட்டோ ஒன்று 3 எம்பி என்று வைத்துக்கொண்டால், நூறு போட்டோவை அழித்து மிச்சமாவது 300 எம்பி. ஐபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 60 பிரேம் வைத்து எடுத்த வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி பிடிக்கும். இது கேமரா செட்டிங்கில் ஆப்பிளே எழுதி வைத்திருக்கும் அளவு. அதாவது, பாக்கெட்டுக்குள் தெரியாமல் ஓடிய ஒரு நிமிட வீடியோவை அழித்தால், நூறு போட்டோவை அழித்ததைவிட அதிக இடம் கிடைக்கும்.

இலவசமாகக் கிடைப்பது எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். கூகுள் 15 ஜிபி தருகிறது. ஆனால் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. ஆப்பிளின் ஐகிளவுட் 5 ஜிபி, மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. கூகுள் போட்டோஸில் 'ஹை குவாலிட்டி' என்ற பெயரில் எத்தனை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன் அந்தத் தரத்தில் ஏற்றியவை இன்றும் கணக்கில் வராது. ஆகவே, இடம் பிடிக்கிறேன் என்று 2018 ஊர்சுற்றல் போட்டோக்களை அழித்தால், அவை அந்தத் தரத்தில் ஏறியிருக்கும் பட்சத்தில் நினைவு போகும், இடம் வராது.

சரி, இடம் பிடிக்க உள்ள வழிகள் ஐந்து: பெரியதைத் தேடி அழிப்பது, தரத்தைக் குறைத்துச் சுருக்குவது, வெளி டிஸ்கில் இறக்கி வைப்பது, வேறு இலவசக் கணக்குகளில் பிரித்துப் போடுவது, காசு கட்டுவது. அதற்கு முன், வழி போலவே தோற்றம் தரும் ஒரு பட்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

'இடத்தை விடுவி' பட்டன் யாருடைய இடத்தை விடுவிக்கிறது?

கூகுள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒன்று இருக்கிறது. அது அழிப்பது போனில் இருக்கும் பிரதியை மட்டுமே. கிளவுடில் ஒரு எம்பிகூடக் குறையாது. ஒன்டிரைவில் ஒரு ஃபைல் மேல் வலது கிளிக் செய்தால் வரும் அதே பெயர்கொண்ட பட்டனும் அப்படித்தான், கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியை நீக்கிவிட்டு ஆன்லைன் பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளும். ஐபோனின் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' போனில் சின்னப் பிரதியை வைத்துக்கொண்டு, ஒரிஜினலை ஐகிளவுடிலேயே விட்டுவைக்கும். மூன்றும் போன் அல்லது கம்ப்யூட்டர் நிறைந்தவர்களுக்கான மருந்து. கிளவுட் நிறைந்தவர்களுக்கு இவற்றால் பயன் இல்லை.

இதைவிட ஆபத்தானது இதன் மறுபக்கம். ஐகிளவுட் போட்டோஸ் ஆனில் இருக்கும்போது 'போனில்தானே அழிக்கிறோம், மேலே கிளவுடில் இருக்கும்' என்று நினைத்து அழித்தால் அது எல்லா இடத்திலும் அழியும். கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள் போய் அழித்தாலும் அதே கதி. ஒத்திசைவு (எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது) வேறு, பிரதி வேறு. கை வைக்கும் முன் எது ஓடுகிறது என்று செட்டிங்கில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெரியதைத் தேடி அழிப்பது

காசில்லாத வழிகளில் என் ஓட்டு இதற்குத்தான். தேடும்போது தேதியை மறந்துவிட்டு அளவை மட்டும் பார்க்க வேண்டும். கூகுள் ஒன் ஸ்டோரேஜ் பக்கத்தில் பெரிய இணைப்புள்ள மெயில்கள், பெரிய போட்டோ, வீடியோக்கள், டிரைவில் பெரிய ஃபைல்கள் என்று தனித்தனியாகப் பிரித்தே தருகிறார்கள். டிரைவை கம்ப்யூட்டரில் திறந்து இடப்பக்கம் உள்ள 'ஸ்டோரேஜ்' என்பதைத் தொட்டாலும், பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வரும்.

ஜிமெயிலில் அளவுவாரியாக அடுக்கிப் பார்க்க வழியில்லை. வடிகட்டத்தான் முடியும். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியைத் தொட்டால் ஒரு படிவம் விரியும். அதில் அளவு என்ற இடத்தில் 'இதைவிடப் பெரியது' என்று வைத்து 10 எம்பி போடுங்கள். வருவதில் முக்கால்வாசி, யாரோ எப்போதோ அனுப்பிய பிடிஎஃப்பும், பத்துப் பேருக்கு ஃபார்வர்டு ஆன படங்களுமாக இருக்கும். இங்கே பலர் தவறவிடுவது சென்ட் பெட்டி. நீங்கள் அனுப்பிய இணைப்புகளும் உங்கள் கணக்கில்தான் ஏறும். பதில் மேல் பதிலாக அதே ஃபைலை மூன்று முறை அனுப்பியிருந்தால் மூன்று முறையும் இடம் போயிருக்கும். ஒரு குறை உண்டு: மெயிலை வைத்துக்கொண்டு இணைப்பை மட்டும் கழற்றிவிட ஜிமெயிலில் வசதி இல்லை. மெயிலோடு சேர்த்துத்தான் அழிக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் மெயிலுக்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் வாட்ஸ்அப். அதன் பேக்கப் முன்பு கூகுள் கணக்கில் சேராமல் இருந்தது, இப்போது அதே 15 ஜிபிக்குள் வருகிறது. குடும்பக் குழுவில் விடியற்காலையில் வந்து விழும் வணக்க வீடியோக்கள் வரை அத்தனையும் பேக்கப்பில் இருக்கும். இரண்டு வேலை செய்யுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்கில் ஸ்டோரேஜை நிர்வகிக்கும் பகுதிக்குப் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று அதுவே பிரித்துக் காட்டும், மொத்தமாக அழிக்கலாம். பிறகு சாட் பேக்கப் பக்கத்தில் 'வீடியோக்களையும் சேர்' என்பதை அணைத்துவிட்டு, அங்கேயே உடனடியாக ஒரு பேக்கப் எடுக்க வேண்டும். அந்தக் கடைசிப் படி முக்கியம். புதிய பேக்கப் ஓடி முடியும் வரை பழைய, பெருத்த பேக்கப்தான் மேலே உட்கார்ந்திருக்கும்.

ஐகிளவுடில் இதற்கு இணையான வில்லன் பழைய போனின் பேக்கப். புதுப் போன் வாங்கி, பழையதைக் கொடுத்துவிட்ட பிறகும் அதன் பேக்கப் அங்கேயே கிடக்கும். செட்டிங்ஸில் உங்கள் பெயர், ஐகிளவுட், ஸ்டோரேஜ், பேக்கப்ஸ் என்று போனால் எந்தெந்தக் கருவியின் பேக்கப் எத்தனை ஜிபி என்று பார்க்கலாம். கையில் இல்லாத கருவியின் பேக்கப்பை அழித்தால் ஒரே தொடுதலில் பெரிய துண்டு மிச்சமாகும். ஒன்டிரைவில் பெரும்பாலும் விண்டோஸின் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் கேட்காமலேயே மேலே ஏறியிருக்கும். அதோடு 2023 பிப்ரவரியிலிருந்து அவுட்லுக் மெயிலின் இணைப்புகளையும் மைக்ரோசாஃப்ட் அந்தக் கணக்கில் சேர்க்கிறது.

அழித்த கையோடு குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். கூகுள் டிரைவிலும் ஜிமெயிலிலும் 30 நாள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள், ஐபோனில் 30 நாள் வரை அழித்தது அங்கே காத்திருக்கும். தவறுதலாக அழித்தவர்களுக்கு அது வரம். இன்றைக்கே இடம் வேண்டும் என்பவர்களுக்குத் தடை.

சுருக்குவது

கூகுள் போட்டோஸில் மட்டும் இது ஒரு பட்டன் வேலை. ஒரிஜினல் தரத்தில் ஏற்றியவற்றை 'ஸ்டோரேஜ் சேவர்' தரத்துக்கு மாற்றச் சொல்லலாம். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட போட்டோ 16-ஆகக் குறையும், 1080பி-க்கு மேற்பட்ட வீடியோ 1080பி ஆகும். 16 மெகாபிக்சல் என்பது 24-க்கு 16 அங்குல பிரிண்ட் போடும் அளவுக்குத் தாங்கும் என்று கூகுள் சொல்கிறது. வீட்டுப் படங்களுக்கு அது தாராளம்.

உழைப்பை வைத்துப் பார்த்தால் அழிப்பதைவிட இதுவே மேல். எதை வைப்பது, எதை விடுவது என்ற மனப்போராட்டமே கிடையாது, எல்லாம் இருக்கும், கொஞ்சம் மெலிந்திருக்கும். 4கே வீடியோ நிறைய உள்ள கணக்கில் நல்ல பலன் தெரியும். ஏற்கெனவே 12 மெகாபிக்சல் போட்டோவும் 1080பி வீடியோவுமாக இருக்கும் கணக்கில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு எச்சரிக்கை மட்டும். செய்துவிட்டால் ஒரிஜினலைத் திரும்பப் பெற முடியாது. டிரைவில் கிடக்கும் வீடியோக்களை இது தொடாது. கேமராவோடு பிழைப்பு நடத்துபவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஐகிளவுடில் இப்படி ஒரு வசதியே இல்லை. அங்கே செய்யக்கூடியது, இனி எடுப்பதைச் சிறியதாக எடுப்பதுதான். 1080பி, 30 பிரேம் என்று மாற்றினால் நிமிடத்துக்கு 400 எம்பி என்பது 60 எம்பியாக இறங்கும். பழைய வீடியோக்களைச் சுருக்கியே ஆக வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் மாற்றி மீண்டும் ஏற்றலாம். பதிவு செய்த வகுப்புகள், ஸ்கிரீன் ரெக்கார்டிங் போன்றவை இதில் நன்றாகவே இளைக்கும். ஆனால் கம்ப்யூட்டரும் பொறுமையும் வேண்டும்.

டிஸ்கில் இறக்கி வைப்பது

பழையதைத் தூக்கிப் போட மனம் வராதவர்களுக்கு ஏற்ற வழி. நம் கணக்கில் இருப்பதை இறக்கிக்கொள்ளத் தரும் கூகுள் டேக்அவுட்டில் போட்டோஸை மட்டும் தேர்ந்து, அதற்குள் 2016, 2017 என்று ஆண்டு ஆண்டாகப் பிரித்து எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மொத்தக் கணக்கையும் ஒரேயடியாகக் கேட்டால் இறக்குவதற்குள் இணைப்பு அறுந்து நொந்துபோவீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கேளுங்கள். இறக்கும் லிங்க் ஒரு வாரம் போலத்தான் உயிரோடு இருக்கும்.

ஜிப்பைப் பிரித்தால் ஒவ்வொரு படத்தோடும் ஒரு ஜேசன் ஃபைல் வந்து நிற்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கூகுள் போட்டோஸுக்குள் நீங்கள் திருத்திய தேதி, எழுதிய குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கும். இன்னொன்று, டேக்அவுட் பிரதி எடுத்துத் தருவதோடு சரி, மேலே இருப்பதை அழிக்காது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். செய்யும் முன் இறக்கிய வீடியோக்களில் சிலவற்றை நடுவிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

இந்த வழியின் உண்மையான விலை அப்புறம்தான் தெரியும். கிளவுடில் அழித்த நொடியிலிருந்து டிஸ்கில் இருப்பது பேக்கப் அல்ல, அதுதான் ஒரே பிரதி. ஹார்டு டிஸ்க் கீழே விழுந்தால் போயிற்று. எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் பெட்டியில் போட்டு வைப்பதும் நல்லதல்ல. இரண்டு டிஸ்க் வாங்கி இரண்டிலும் போட மனமிருந்தால் இந்த வழிக்கு வாருங்கள். ஒன்றுதான் என்றால் அழிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பிரித்துப் போடுவது

மெகா என்ற கிளவுட் சேவையில் 20 ஜிபி, அங்கே 5, இங்கே 2 என்று கூட்டிப் பார்த்தால் நிறைய வரும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எந்த ஆண்டுப் படம் எந்தக் கணக்கில் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். தொடாமல் விட்ட கணக்குக்கும் ஆயுள் உண்டு. கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டுமே இரண்டு ஆண்டு எட்டிப் பார்க்காத கணக்கை நீக்கலாம் என்று விதி வைத்திருக்கின்றன. டெலிகிராமில் தனக்குத் தானே அனுப்பி வைக்கும் தந்திரமும் பிரபலம். ஒரு ஃபைல் 2 ஜிபி வரை இலவசமாகப் போகும்தான். ஆனால் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், ஃபைலாகத்தான் அனுப்ப வேண்டும். அந்தச் சேமிப்புக்கு இருமுனைக் குறியாக்கம் (நிறுவனமே படிக்க முடியாதபடி பூட்டுவது) கிடையாது. அடையாள அட்டை ஸ்கேனைப் போட்டு வைக்கும் இடமல்ல அது.

பகிர்ந்த ஃபோல்டரில் ஒரு வேறுபாடு உண்டு. கூகுள் டிரைவில் பகிர்ந்த ஃபைல் அதன் உரிமையாளர் கணக்கில் மட்டும் ஏறும். டிராப்பாக்ஸில் நீங்கள் சேர்ந்துகொண்ட ஃபோல்டர் உங்கள் இடத்தையும் தின்னும். 2 ஜிபி ஏன் நிறைந்தது என்று விழிப்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

காசு கட்டுவது

கூகுளிலும் மைக்ரோசாஃப்டிலும் 100 ஜிபி, ஆப்பிளில் 50 ஜிபி என்று சிறிய படிகள் இருக்கின்றன. இந்தக் கட்டணத் திட்டங்களில் கூகுள் ஒன், ஆப்பிளின் ஐகிளவுட் பிளஸ் இரண்டையும் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரோடு பகிரலாம், எனவே ஆளுக்கொரு திட்டம் வாங்குவது வீண். குழந்தை பிறந்த வீடு, தினமும் வீடியோ எடுப்பவர் என்றால் யோசிக்காமல் கட்டிவிடலாம். அவர்கள் எவ்வளவு அழித்தாலும் அடுத்த மாதமே மறுபடி நிறையும். மெயிலும் பழைய வாட்ஸ்அப் பேக்கப்பும்தான் இடத்தை அடைக்கின்றன என்றால், காசு கட்டுவது குப்பைக்கு வாடகை கொடுப்பது.

கோடு சிவப்பாகி மெயில் வருவதே நின்றுபோனவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். மெயில் ஓடத் தொடங்கும், அவசரத்தில் எதையாவது அழிக்கும் பதற்றமும் இருக்காது. அந்த மாதத்துக்குள் வாட்ஸ்அப் பேக்கப்பைக் குறைத்து, பெரிய வீடியோக்களை இரண்டு டிஸ்கில் இறக்கி, மேலே அழித்து, 15 ஜிபிக்குக் கீழே வந்ததும் திட்டத்தை ரத்து செய்துவிடலாம். கீழே வராமல் ரத்து செய்தால் இருப்பது உடனே அழியாது. ஆனால் புதிதாக எதுவும் ஏறாது, மெயில் மீண்டும் நிற்கும். அப்படியே இரண்டு ஆண்டு அளவுக்கு மேலேயே கிடந்தால், உள்ளே இருப்பதை நீக்கக் கூகுளின் விதியில் இடம் இருக்கிறது.