நைக்கி டிராகன்ஃப்ளை: மகள் ஒரு சீசன் ஓடிய பிறகு

என் மகளுக்கு 17 வயது. 800, 1500 மீட்டர் ஓடுகிறாள். போன சீசன் முழுக்க நைக்கி டிராகன்ஃப்ளை ஸ்பைக்ஸில்தான் (அடியில் சிறு ஆணிகள் உள்ள ஓட்டப் பந்தய ஷூ) ஓடினாள்.

அதற்கு முன் அவளிடம் இருந்தது குறுந்தூர ஓட்டத்துக்கான ஸ்பைக்ஸ். எல்லா ஸ்பைக்ஸும் ஒன்றுதான் என்று ஒரு கடையில் சொன்னார்கள், நம்பி வாங்கிவிட்டேன். அதன் அடித்தட்டு வளையவே வளையாது. குதிகாலுக்குக் கீழே மெத்தென்று எதுவும் கிடையாது. 100 மீட்டர் ஓடுகிறவர்கள் முன்காலிலேயே ஓடி முடித்துவிடுவார்கள், அவர்களுக்கு அது போதும். 1500 என்பது மூன்றேமுக்கால் சுற்று. கால் களைத்ததும் குதிகால் தானாகத் தரையில் இறங்கும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இறுகி, மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்குவாள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

டிராகன்ஃப்ளையின் அடித்தட்டு கார்பன் அல்ல, பீபாக்ஸ் என்ற பிளாஸ்டிக். கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. அதோடு ஸூம்எக்ஸ் என்ற நைக்கியின் மெத்தென்ற ஃபோம். முதல் பந்தயம் முடிந்து வந்தவள் நேரத்தைக்கூடக் கேட்கவில்லை. "அப்பா, கடைசிச் சுற்றிலும் காலில் பலம் இருந்துச்சுப்பா" என்றாள். அதற்காகவே இந்த ஸ்பைக்ஸுக்கு என் முழு ஓட்டு.

800-ல் மட்டும் கடைசி நேர்ப்பாதையில் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது என்கிறாள். 800 மட்டுமே ஓடுகிறவர்கள் இன்னும் விறைப்பான ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வாங்குமுன் விதியையும் பாருங்கள். செயற்கை டிராக்கில் அடியிலுள்ள ஆணி (பின்) 9 மி.மீ.க்கு மேல் நீளக்கூடாது, 6 மி.மீ. மட்டுமே அனுமதிக்கிற மைதானங்களும் உண்டு. 2024 நவம்பரிலிருந்து அடிப்பாகத்தின் தடிமன் 20 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். முன்பு 800-க்கும் அதற்கு மேலும் 25 வரை விட்டார்கள். அதனால் பழைய மாடல் எதை வாங்கினாலும் உலகத் தடகள அமைப்பான வேர்ல்டு அத்லெடிக்ஸின் அனுமதிப் பட்டியலில் ஒருமுறை தேடிவிடுங்கள். அப்புறம், மழையில் ஓடினால் அன்றே பின்களைக் கழற்றித் துடையுங்கள். துரு ஏறினால் திருகவே முடியாது.

வாங்கிய புதிதில் தினமும் இதையே போடவேண்டும் என்று அடம்பிடித்தாள். பயிற்சியாளர் விடவில்லை. பந்தயத்துக்கும் வாரத்தில் ஒருநாள் வேகப் பயிற்சிக்கும் மட்டும்தான். மற்ற நாள்களில் சாதாரண ஷூ. அவர் சொன்னது சரி. வளர்கிற பிள்ளையின் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் மெதுவாகத்தான் பழகவேண்டும். அவசரம் எதற்கு? கென்ய ஓட்ட வீராங்கனை ஃபெய்த் கிப்யேகான் 16 வயதில், 2010 உலக கிராஸ் கன்ட்ரி (டிராக்கில் அல்லாமல் திறந்தவெளியில் ஓடுவது) ஜூனியர் பந்தயத்தில், வெறுங்காலோடு ஓடி நான்காவது வந்தார். 1500-ல் 3:48.68 என்ற உலக சாதனையை 2025-ல் ஓடும்போது அவருக்கு வயது 31. நடுவில் 15 வருடங்கள். என் மகளுக்கும் அப்படி நீண்ட ஓட்டக் காலம் வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பந்தய நாள் தவிர, இந்த ஜோடி இப்போது வியாழக்கிழமை மாலை மட்டும் பையிலிருந்து வெளியே வருகிறது. மாடிப்படியில் நேராகவே இறங்குகிறாள்.