வகுப்பா, புள்ளியா, வாழ்க்கைத் தடமா: நேட்டால் தோட்டக் கதைக்குப் பாத்திரம் படைத்தல்

டேபிள்டாப் ரோல்பிளே விளையாட்டுகளில், அதாவது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டங்களில், பாத்திரம் படைக்கும் முறைகளை எடைபோடுவோர், விதிகள் கூடக்கூட ஆடுபவரின் சுதந்திரம் குறையும் என்றே பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். டர்பனில் எங்கள் குழு அடுத்து ஆடவிருக்கும் தொடர்கதைக்கு அந்தக் கணக்கு உதவவில்லை. கதை 1896இல் சென்னையிலிருந்து இங்கே, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், தோட்ட வேலைக்கு வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளைப் பற்றியது. ஆடப்போகிறவர்களில் பலர் அப்படி வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள். சிலர் இதுவரை பகடையைத் தொட்டதே இல்லை. எதை விதி தீர்மானிக்கிறது, எதை ஆடுபவரிடம் விடுகிறது என்ற கேள்வியோடு நான்கு விளையாட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தேன்.

புதியவருக்கு மிக எளியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் மூன்றே வகுப்புகளோடு (வீரன், மந்திரவாதி போன்ற தொழில்வகைகளோடு) வெளிவந்த அந்த விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 12 வகுப்புகள் உள்ளன. 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை வலிமை, அறிவு போன்ற ஆறு பண்புகளுக்குப் பங்கிட்டு, ஒரு வகுப்பையும் பின்புலத்தையும் தேர்ந்துகொண்டால் பாத்திரம் ஏறத்தாழ ஆயத்தமாகிவிடும். மந்திரவாதிக்கும் வீரனுக்கும் பதிலாகக் கரும்பு வெட்டுபவர், சர்தார் (கூலிகளை மேற்பார்க்கும் கங்காணி), சமையல்காரர் என்று வகுப்புகளைப் புதிதாக எழுதிக்கொள்வதும் முடியாத காரியமன்று. ஆனால், தொழிலைத் தொடக்கத்திலேயே உறுதிசெய்து, பின்னர் வரும் திறன்களையெல்லாம் அதன் வழியாகவே வழங்கும் அமைப்பு, பிறப்பால் தொழில் என்ற ஏற்பாட்டிலிருந்து விலகக் கடல் கடந்தவர்களும் இருந்த கூட்டத்தின் கதையில், நாம் விரும்பாத ஒன்றைச் சொல்லிவிடும். எனவே இதை முதலிலேயே ஒதுக்கினேன்.

1986இல் வந்த கர்ப்ஸ் இதற்கு நேர் எதிரானது. அதில் வகுப்பே கிடையாது; எல்லாமே, கொடுத்த புள்ளிகளைச் செலவழித்துப் பண்பையும் திறனையும் வாங்கும் புள்ளிக் கணக்கு. அதன் நான்காம் பதிப்பில் நான்கு அடிப்படைப் பண்புகளும் 10இல் தொடங்குகின்றன. வலிமையையோ உடல்நலத்தையோ ஒரு படி உயர்த்த 10 புள்ளிகளும், கைத்திறத்தையோ அறிவையோ உயர்த்த 20 புள்ளிகளும் ஆகும். பகலில் மாட்டுவண்டி ஓட்டி, இரவில் தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டும் ஒருவரை இதில் எந்தத் தடையுமின்றிப் படைக்கலாம். இருப்பினும் இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்த ஒரு நீண்ட பட்டியலைப் படித்திருக்க வேண்டும். கணக்கில் கெட்டிக்காரர் வலுவான பாத்திரத்தோடு எழுவார், புதியவர் பட்டியலைப் புரட்டிக்கொண்டே இருப்பார். குறைபாடுகளை ஏற்றுக்கொண்டால் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும் என்ற விதியும் எனக்கு உவப்பாக இல்லை. முன்னோரின் நொண்டலையும் குடியையும் விற்று வேறொரு திறனை வாங்குவதில் ஏதோ ஒரு கூச்சம் இருக்கிறது.

2013இல் வந்த ஃபேட் கோர் பாத்திரத்தைச் சொற்றொடர்களால் கட்டுகிறது. அவர் யார் என்பதற்கு ஒரு வரி, அவரை விடாமல் துரத்தும் சிக்கலுக்கு ஒரு வரி, அதன் பிறகு மேலும் மூன்று. கட்டற்றது என்று பெயரெடுத்த இந்த விளையாட்டிலும் திறன்கள் கண்டிப்பான கூம்பாகவே அடுக்கப்படுகின்றன: மிக உயர்ந்த மதிப்பான +4இல் ஒன்று, +3இல் இரண்டு, +2இல் மூன்று, +1இல் நான்கு. சுதந்திரம் முழுவதும் அந்த வரிகளில்தான் இருக்கிறது. தோட்டத்து வாழ்வை அறிந்தவர் கையில் அவை அருமையாக அமையும். அறியாதவர் திரைப்பட நாயகனையே எழுதிவைப்பார்.

எதிர்பாராத பொருத்தம் 1977இல் வெளிவந்த டிராவலரில் கிடைத்தது. விண்வெளிக் கதைக்கான அந்த விளையாட்டில் பாத்திரம் 18 வயதில் தொடங்கி, நான்காண்டுத் தவணைகளாகப் பணியாற்றி, ஒவ்வொரு தவணையிலும் பகடை உருட்டித் திறனும் வயதும் பெறுகிறது. விரும்பிய பணியில் சேர இயலாதவருக்குப் பகடையே ஒரு பணியை ஒதுக்கிவிடும். கப்பலிலிருந்து இறங்கிய கூலியும் தன் முதலாளியைத் தானே தேர்ந்துகொள்ளவில்லை. நான்காண்டை ஐந்தாண்டாக மாற்றினால் ஒப்பந்தக் காலத்தோடு அது அப்படியே ஒத்துப்போகிறது. 1896இல் வந்தவருக்கு மூன்று தவணைகள் முடியும்போது, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நின்றுபோன 1911 வந்துவிடுகிறது. ஒவ்வொரு தவணையின் முடிவிலும் ஆடுபவர் எதிர்கொள்ளும் தெரிவை 1895ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்து வைத்திருக்கிறது: ஊர் திரும்பலாம், மறு ஒப்பந்தம் எழுதலாம், அல்லது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்டி இங்கேயே தங்கலாம். முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங்காக (அரை பவுண்டாக) இருந்ததால், அந்த வரி ஆறு மாதக் கூலிக்குச் சமம். இங்கே கட்டமைப்பு கதைக்கு இடையூறாக நிற்கவில்லை, அதுவே கதைப்பொருள்.

டிராவலரின் பழைய பதிப்பில் பாத்திரம் படைக்கப்படும்போதே இறந்துபோகலாம் என்ற விதியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 2008ஆம் ஆண்டுப் பதிப்பு சாவுக்குப் பதிலாக விபத்தை வைத்துப் பணியை முடிக்கிறது. எங்களுக்கு அது போதும்.

ஆகவே தவணை முறையை முதுகெலும்பாக வைத்து, ஃபேட்டின் வரிகளை அதன்மேல் ஏற்றுவதே என் தேர்வு. விதிக்கும் ஆடுபவருக்கும் இடையே எல்லை எங்கே என்பதற்கு, வந்திறங்கிய கூலிகளைப் பதிவுசெய்த கப்பல் பட்டியலே வழிகாட்டுகிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடல் அடையாளம் ஆகியவை அதில் பதிவாயின; இவற்றையும் தோட்ட ஒதுக்கீட்டையும் பகடைக்கும் அட்டவணைக்கும் விட்டுவிடலாம். ஏன் கிளம்பினார், யாரை விட்டுவந்தார், பட்டியல் எழுதியவரிடம் எதைப் பொய்யாகச் சொன்னார் என்ற மூன்றையும் ஆடுபவர் தம் சொற்களிலேயே எழுதட்டும். அதுவும் முதல் தவணை முடிந்த பிறகு எழுதட்டும், ஏனெனில் அதற்குள் புதியவருக்கும் அந்த உலகம் ஓரளவு பிடிபட்டிருக்கும்.

இந்தக் கலப்பு முறையில் முதல் அமர்வு முழுவதும் பாத்திரம் படைப்பதிலேயே கழியும். ஒரே மாலையில் முடியும் கதை என்றால் இது வேண்டாம். 2017இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற விளையாட்டின் ஏழு ஆயத்தத் தாள்களை (பாத்திர வகை ஒவ்வொன்றுக்கும் முன்பே அச்சிட்ட தாள்களை) போலத் தோட்டத்துக்கென்று சில தாள்களை முன்கூட்டியே எழுதி மேசையில் பரப்பிவிடுவது மேல்.