11,400 ரூபாய் போச்சு: ‘பிளாண்டட் டேங்க் பேக்கேஜ்’ என்று யாராவது சொன்னால் உஷார்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் சொல்வது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சின்னதாக ஒரு ‘பிளாண்டட் டேங்க்’, அதாவது தண்ணீருக்குள் நிஜச் செடி வளரும் மீன் தொட்டி வைத்து நாலு மீன் விடலாம் என்று நினைக்கும் புதியவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எந்த மீன் வாங்கலாம், எது கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் 11,400 ரூபாய் போன கதையைக் கேளுங்கள்.

சென்னையில் வளர்ப்பு மீன் என்றால் எல்லோரும் கொளத்தூரைத்தான் சொல்வார்கள். நாங்கள் இருப்பது ஊரின் மறுகோடி. பக்கத்திலேயே மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் வைத்துப் புதிதாக ஒரு மீன் கடை வந்திருந்தது. அங்கேதான் போனோம். புகார் கொடுத்திருப்பதால் பெயரைச் சொல்லப் போவதில்லை.

உள்ளே நுழைந்ததும் இரண்டடித் தொட்டி ஒன்று. அடியில் புல்வெளி மாதிரி பச்சை, பின்னால் சிவப்புச் செடிகள், நடுவில் நியான் டெட்ரா கூட்டம் ஒரே நேரத்தில் திரும்புகிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான். கடைப் பையனிடம் நான் தெளிவாகச் சொன்னேன்: இதுதான் முதல் தொட்டி, சின்னதாகப் போதும், எங்கள் வீட்டில் போர் தண்ணீர், நல்ல உப்பு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். “அக்கா, நீங்க எதையும் யோசிக்காதீங்க. என் வீட்லயும் போர் தண்ணிதான், இதே செட்டப்தான் வெச்சிருக்கேன்” என்றான். அப்புறம் என் மகனிடம் குனிந்து, “தம்பி, எல்லா மீனுக்கும் பேரு யோசிச்சு வெச்சுக்கோ, சரியா?” என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். குழந்தையிடம் இப்படிப் பேசுகிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

கணக்கைச் சொல்கிறேன். தொட்டியும் ஸ்டாண்டும் 4,500. லைட் 1,800. ஃபில்டர் 1,100. செடிக்கான மண் 1,200. செடிகள் 900. ‘ரெடிமேட் பாக்டீரியா’ பாட்டில் 600. மீன்கள் 1,300. மொத்தம் 11,400. பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். கடைப் பெயர் கூட அதில் இல்லை.

அந்த 1,300 ரூபாய்க்கு என்னென்ன மீன் தெரியுமா? நியான் டெட்ரா 12, ஏஞ்சல் 2, பாலா ஷார்க் 2, நீலமும் ரோஸுமாக ‘கலர் டெட்ரா’ 4, பாசி தின்ன ஒரு சக்கர், அது போதாதென்று ஒரு ‘ஆல்கே ஈட்டர்’. மொத்தம் 22. தொட்டி 50 லிட்டர் என்றான். வீட்டில் டேப் வைத்து அளந்தேன்: 45 செ.மீ. நீளம், 25 அகலம், 30 உயரம். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 34 லிட்டர் கூட வரவில்லை. மண்ணும் கல்லும் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் தண்ணீர் 30 லிட்டருக்கும் கீழே. அதில் 22 மீன்.

அவனே வீட்டுக்கு வந்து மண்ணைக் கொட்டி, செடியை நட்டு, தண்ணீர் ஊற்றி, அந்த பாட்டிலை ஊற்றி, ஒரு மணி நேரத்தில் மீனையும் விட்டுவிட்டுப் போனான். “இன்னைக்கேவா?” என்று கேட்டேன். “பாக்டீரியா ஊத்திட்டோம்லக்கா, டேங்க் ரெடி” என்றான். பிறகுதான் பாட்டிலைப் பார்த்தேன். காலாவதித் தேதி இருக்க வேண்டிய இடத்தில் விலை ஸ்டிக்கர். உரித்தால் அடியில் அச்சும் சேர்ந்து கிழிந்து வருகிறது.

மறுநாள் காலை நியான்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் மூன்று போய்விட்டன. போன் செய்தேன். “புது டேங்க்ல நாலஞ்சு போறது சகஜம்க்கா. தண்ணிய ஃபுல்லா மாத்திடுங்க.” மாற்றினேன். இன்னும் போயின. வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், இது நோய் என்று சொல்லி 350 ரூபாய்க்கு நீல மருந்து ஒன்றை விற்றார்கள். அது 11,400இல் சேர்த்தி இல்லை, தனி!

ஆபீஸில் பல வருடமாக மீன் வளர்க்கிற அண்ணா ஒருவர் இருக்கிறார். டெஸ்ட் கிட் கொண்டுவந்து தண்ணீரைச் சோதித்தார். அம்மோனியாவுக்கான குழாய் கரும்பச்சை, அதாவது அம்மோனியா ரொம்ப அதிகம். “நோயும் இல்ல ஒண்ணும் இல்லம்மா, மீன் அதோட கழிவுலயே சாகுது” என்றார். அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து அம்மோனியா வரும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியா ஃபில்டரில் குடியேறிப் பெருக சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது. இதில் கொடுமை என்னவென்றால், இந்தச் சத்து மண்ணே ஆரம்ப வாரங்களில் அம்மோனியாவை விடுமாம். போர் தண்ணீர் மாதிரி காரத்தன்மை உள்ள தண்ணீரில் அதன் விஷம் இன்னும் கூடும். நீல மருந்து மிச்சம் மீதி பாக்டீரியாவையும் கொல்லும், செடிக்கும் ஆகாது. எங்கள் வீட்டுத் தண்ணீர் போர் தண்ணீர் என்று முதலிலேயே சொன்னேனா இல்லையா?

நியான்களின் எண்ணிக்கை இரவோடு இரவாகக் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஏஞ்சல் விழுங்குகிறது! ஏஞ்சலுக்கு நியான் தீனி என்பது மீன் வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். மீன் விற்பவனுக்கு மட்டும் தெரியாது போலிருக்கிறது. கலர் டெட்ரா கதை வேறு. வெள்ளை விடோ டெட்ராவுக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். ஊசி போடுவது கூட உண்டாம். ரோஸ் மீன் என் கண்ணெதிரே வெளுத்துக்கொண்டு வந்தது. “அம்மா, பிங்கிக்கு என்ன ஆச்சு?” என்று மகன் கேட்டபோது என்ன சொல்வது?

செடியிலும் அதே வேலை. இலை எல்லாம் கொழகொழவென்று அழுகி நாற ஆரம்பித்தது. மாடி வீட்டு மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இது சிங்கோனியம் ஆச்சே, இது ஸ்பைடர் பிளான்ட். நம்ம மொட்டை மாடித் தொட்டில இருக்கே, இதை ஏன் தண்ணிக்குள்ள முக்கி வெச்சிருக்கே?” என்றார். லக்கி பாம்பூவும் அதில் இருந்தது. எல்லாம் தரைச் செடி. முழுக்க மூழ்கினால் சில வாரம் பச்சையாக இருந்துவிட்டு அழுகும். 900 ரூபாய்ச் செடியில் உண்மையான நீர்ச் செடி ஒரே ஒரு அனுபியாஸ். அதையும் தண்டோடு மண்ணில் புதைத்திருந்தான். அனுபியாஸின் கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும், கல்லிலோ கட்டையிலோ கட்டிவிட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பையன் என்னைத் தெரியாதவன் மாதிரி ஸ்டாக் ரூமுக்குள் போய்விட்டான். “ஓனர் ஊர்ல இல்ல மேடம்.” அடுத்த முறை போனபோது ஓனர் இருந்தார். “உங்க தண்ணி சரியில்ல மேடம்.” தண்ணீரைப் பற்றி முதலிலேயே சொன்னேனே என்றேன். “தீனி ஜாஸ்தி போட்டிருப்பீங்க.” டெஸ்ட் போட்டோவைக் காட்டினேன். “உயிருக்கெல்லாம் யார் மேடம் கேரண்டி குடுப்பாங்க?” சரி, செடி? “செடியும் உயிர்தானே மேடம்.” சிரித்துக்கொண்டே சொன்னார். பில் கேட்டேன். நீங்கள் வாங்கியதற்கு என்ன ஆதாரம் என்று என்னையே கேட்டார்! 11,400 ரூபாய் யுபிஐயில் அவர் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. அதைக் காட்டியதும் குரல் கொஞ்சம் இறங்கியது. “பையனுக்காகப் பத்து கப்பி ஃப்ரீயா எடுத்துக்கோங்க” என்றார். 11,400 ரூபாய்க்குப் பத்து கப்பி! வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பதிவு செய்திருக்கிறேன். பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பணம் வருமா தெரியாது. யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் வீடியோ, துண்டுச்சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

எந்த மீன் வாங்கலாம் என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது, அதனால் சுருக்கமாக: தொட்டி வாங்குகிற அன்றே மீன் விற்கிறவனிடம் வாங்காதீர்கள். மீனைக் காட்டி “இது எவ்வளவு பெரிசா வளரும்?” என்று கேளுங்கள், மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். பெயரில் ஷார்க் என்று வருவது எதுவும் சின்னத் தொட்டிக்கு வேண்டாம், பாலா ஷார்க் ஒரு அடி வளரும். ஆல்கே ஈட்டர் வளர்ந்த பிறகு மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். கோல்டு ஃபிஷ் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடும். உப்புத் தண்ணீர் என்றால் கப்பி, பிளாட்டி பரவாயில்லை. 30 லிட்டரில் ஒரு ஃபைட்டர் மட்டும் வைத்தாலே போதும் என்றார் அந்த அண்ணா. செடிக்கு ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், வேலம்பாசி. பில் வாங்குங்கள். அவ்வளவுதான் இப்போது முடியும்.

ஒரு உதவி வேண்டும். எல்லாம் போன பிறகும் அந்த சக்கர் மட்டும் உயிரோடு இருக்கிறது. அது ஒரு அடிக்கு மேல் வளரும், என் தொட்டியில் வைக்க முடியாது. ஏரியில் விட்டுவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள், விட மாட்டேன். ஏற்கெனவே நம் நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டு இருக்கிறது. சென்னையில் ஐந்தடித் தொட்டி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.