கடற்கரை வீட்டில் பி.பி. மெஷின்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவந்தவை

மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின்தான் வீட்டுக்குச் சரி. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை சற்று இறங்கினாலே கூடக் காட்டும். பிராண்டைவிடப் பட்டையின் அளவுதான் முக்கியம். டப்பாவோடு வருவது பெரும்பாலும் 22–32 செ.மீ. சுற்றளவுக்கானது. வலை இழுத்து, துடுப்பு வலித்து உரமேறிய புயத்துக்கு அது பத்தாது. இல்லாத பிரஷரைக் காட்டும். புயத்தின் நடுவில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். 32-ஐத் தாண்டினால், உங்கள் மெஷினுக்குப் பொருந்தும் 22–42 செ.மீ. பட்டையைத் தனியாக வாங்குங்கள்.

பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே இருக்கட்டும். சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றினால் அதுவே இறுக்கும், கழற்றிவிடுங்கள். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். டீ, பீடி, புகையிலை போட்ட வெற்றிலை எதுவானாலும் அரை மணி நேரம் விட்டுத்தான். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு பார்த்தாலும் ஏறும். உட்காரும் ஒவ்வொரு தடவையும் 1 நிமிடம் விட்டு 2 முறை பாருங்கள்.

இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டுக் கரையேறிய கையோடு பார்ப்பது வீண். தூங்கி எழுந்து, மாத்திரைக்கு முன் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை. இப்படி 7 நாள். மீன்பிடித் தடைக்காலம் (ஏப்ரல் 15 – ஜூன் 14) இதற்குத் தோது. அதற்காக அதுவரை தள்ளிப்போடவும் கூடாது. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் ரத்த அழுத்த நோய்க்கான அளவு. ஆஸ்பத்திரியில் பார்த்தால் 140/90. மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று தொட்டாலே போதும். சராசரி 128/92 வந்தால், 'மேலே நார்மல்தானே' என்று விடுவதுதான் இங்கே அதிகம் நடக்கிற தப்பு.

180/120-ஐத் தொட்டு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், கை கால் இழுப்பு ஏதாவது இருந்தால் உடனே 108. தொந்தரவு இல்லையென்றால் 5 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்காவிட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். பயந்துபோய் மாத்திரையைக் கூடுதலாகப் போடாதீர்கள்.

பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூத்துவிடும். காற்று பாதியிலேயே நின்று எரர் வந்தால் முதலில் அங்கே பாருங்கள், அடுத்து டியூப் மூட்டில் வெடிப்பு. பயன்படுத்தாத வாரங்களில் பேட்டரியைக் கழற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள். ஒட்டுப்பட்டையில் மணல் ஏறினால் பிடிமானம் போகும். பழைய பல் பிரஷ்ஷால் தட்டினால் சரியாகும். வருடத்துக்கு ஒருமுறை மெஷினை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப்போய், அதே கையில் அவர்கள் கருவியோடு மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 10 அளவு விலகினால், மெஷினைத் தூக்கிப்போடுமுன் பட்டையை மாற்றிப் பாருங்கள்.